ஏ.ஐ. பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? - வாசகர் கேள்வி பதில்

சிப் நிறுவனமான என்விடியா, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயில் முதலீடு செய்கிறது. ஓப்பன்ஏஐ அந்தப் பணத்தில் என்விடியாவின் சிப்பையே வாங்குகிறது என்கிறார்கள். இது மோசடி இல்லையா ஐயா? (திருநெல்வேலி வாசகர்)

மோசடி என்று சொல்ல முடியாது. எல்லாம் ஊரறிய அறிவித்துவிட்டுத்தான் நடக்கிறது. ஆனால் இந்த நிறுவனங்களின் விற்பனைக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது.

2025 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். இனிமேல் செய்து கொடுக்க வேண்டிய ஒப்பந்தங்களின் மதிப்பு 45,500 கோடி டாலர் என்று, கணினி வசதியை வாடகைக்கு விடும் ஆரக்கிள் அறிவித்தது. மறுநாளே அதன் பங்கு 36 சதவீதம் ஏறியது. புதிதாகச் சேர்ந்ததில் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளருடையது என்பது அடுத்துதான் வெளியே வந்தது: ஓப்பன்ஏஐ, சுமார் 30,000 கோடி டாலர், ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்கு. இரண்டு வாரம் கழித்து, ஓப்பன்ஏஐயில் 10,000 கோடி டாலர் வரை போடுவதாக என்விடியா சொன்னது. ஆக, என்விடியா கொடுக்கும் பணம் ஓப்பன்ஏஐ கட்டும் வாடகையாக ஆரக்கிளுக்குப் போய், ஆரக்கிள் சிப் வாங்கும்போது என்விடியாவுக்கே திரும்பலாம். வழியில் இரண்டு கம்பெனிகளின் கணக்கில் அது 'வருமானம்' என்று பதிவாகிவிடும்.

அக்டோபரில், என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டி இன்னும் ஒரு படி மேலே போனது. தன் சிப்பை வாங்கினால், இலக்குகளை எட்ட எட்ட, 16 கோடி பங்குகள் வரை ஒரு பங்கு 1 சென்ட் விலையில் ஓப்பன்ஏஐக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம்.

விற்பவரே வாங்குபவருக்குப் பணம் கொடுப்பது பழைய வழக்கம்தான். 1990களின் கடைசியில் லூசென்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி தன் தொலைத்தொடர்புக் கருவிகளை வாங்கச் சொல்லி வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுத்தது. அவர்களில் ஒன்றான வின்ஸ்டார் 2001 ஏப்ரலில் திவாலானது. கடனும் போச்சு, காட்டிய விற்பனையும் போச்சு.

எனவே பார்க்க வேண்டியது, இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவரிடமிருந்து எவ்வளவு காசு வருகிறது என்பதைத்தான். 2025 நவம்பரில் ஓப்பன்ஏஐயின் தலைமை அதிகாரி சாம் ஆல்ட்மன் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு இறுதியில் வருமானம் ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் என்ற வேகத்தைத் தாண்டும். எட்டு ஆண்டுகளில் செய்ய ஒப்புக்கொண்ட செலவு சுமார் 1.4 லட்சம் கோடி டாலர். எட்டால் வகுத்தால் ஆண்டுக்கு 17,500 கோடி. வரவைப் போல எட்டரை மடங்குக்கும் மேல்! வருமானம் வேகமாக வளர்கிறது என்பது உண்மை. இந்த இடைவெளியை அடைக்கும் அளவுக்கு வளருமா என்பதில்தான் சந்தேகம்.

இன்னொன்று. செய்தியில் 'ஒப்பந்தம்' என்று வருவதெல்லாம் கையெழுத்தான ஒப்பந்தம் இல்லை. என்விடியாவின் அந்த 10,000 கோடி அப்போது வெறும் விருப்பக் கடிதம்தான். இறுதி ஒப்பந்தம் ஏற்படும் என்பதற்கு உறுதி இல்லை என்று என்விடியாவே தன் 2025 நவம்பர் காலாண்டு அறிக்கையில் எழுதி வைத்தது. தலைப்புச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்தார்கள்?

மைக்ரோசாஃப்ட், மெட்டா, கூகுள் எல்லாம் லாபத்தில்தானே இருக்கின்றன? பிறகு ஏன் பயம்? (கோவை வாசகர்)

லாபம் உண்மைதான். எவ்வளவு என்பது தேய்மானக் கணக்கைப் பொறுத்தது: வாங்கிய இயந்திரத்தின் விலையை எத்தனை ஆண்டுச் செலவாகப் பிரித்து எழுதுகிறார்கள் என்பது.

1,000 கோடி டாலருக்கு சர்வர் வாங்கியதாக வையுங்கள். ஆறு ஆண்டு உழைக்கும் என்று எழுதினால் ஆண்டுச் செலவு 167 கோடி. மூன்றே ஆண்டு என்றால் 333 கோடி. இயந்திரம் அதேதான், கொடுத்த காசும் அதேதான். ஏட்டில் லாபம் மட்டும் ஆண்டுக்கு 166 கோடி மாறுகிறது.

மெட்டா 2025 தொடக்கத்தில் சர்வர்களின் ஆயுளை ஐந்தரை ஆண்டாக நீட்டியது. அந்த ஒரு மாற்றத்தால் அந்த ஆண்டின் தேய்மானம் சுமார் 290 கோடி டாலர் குறையும் என்று அதுவே சொன்னது. அதே சமயத்தில் அமேசான், ஏ.ஐ. வளர்ச்சியின் வேகத்தைக் காரணம் காட்டி, ஒரு பகுதி சர்வர்களின் ஆயுளை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. ஒரே தொழிலில் இருப்பவர்கள் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். ஆயுளை நீட்டி லாபத்தைப் பெரிதாகக் காட்டுகிறார்கள் என்று அமெரிக்க முதலீட்டாளர் மைக்கேல் பர்ரி நவம்பரில் கிளப்பிய புகார் இதைப் பற்றித்தான். எதிர்வாதமும் உண்டு: பழைய சிப்பைப் புது மாடல்களைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தாவிட்டாலும், பயனர் கேள்விகளுக்குப் பதில் தரும் வேலைக்கு ஓட்டலாம். ஓட்டலாம், சரி. அதே மின்சாரத்தில் பல மடங்கு வேலை செய்யும் புது சிப் பக்கத்தில் வந்துவிட்டால் பழையதன் வாடகை என்ன ஆகும்?

நீங்களே பார்க்கலாம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் எட்கர் தளம் இலவசம். கம்பெனியின் ஆண்டறிக்கையான 10-கே படிவத்தைத் திறந்து, கணக்குக் கொள்கைகள் என்ற முதல் குறிப்பில் சர்வர் ஆயுள் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். போன வருட அறிக்கையோடு ஒப்பிடுங்கள். பிறகு ரொக்கப் புழக்க அறிக்கையில், தொழிலிலிருந்து வந்த ரொக்கத்திலிருந்து சொத்து, கருவி வாங்கிய தொகையைக் கழியுங்கள். மீதி சுருங்கிக்கொண்டே வந்தால், ஏட்டு லாபம் எவ்வளவு ஏறினாலும் உஷாராக இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: குத்தகைக்கு எடுத்தது அந்தக் கழித்தலில் வராது. லூசியானாவில் மெட்டா கட்டும் ஹைப்பீரியன் டேட்டா சென்டருக்கு 2,700 கோடி டாலர் திட்டம். 2025 அக்டோபர் ஏற்பாட்டின்படி 80 சதவீதம் ப்ளூ அவுல் என்ற முதலீட்டு நிறுவனம் நிர்வகிக்கும் நிதிகளுடையது, மெட்டாவுக்கு 20. மெட்டா அதை வாடகைக்கு எடுக்கிறது, முதல் தவணை நான்கே ஆண்டு. காலி செய்துவிட்டுப் போனால் கட்டடத்தின் மதிப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாதபடி ஈடுகட்டுவதாகவும் உறுதி கொடுத்திருக்கிறது. கடன் போலத் தெரியவில்லை; பாரம் மட்டும் தலையில் இருக்கிறது. இதெல்லாம் 'கடப்பாடுகளும் எதிர்பாராப் பொறுப்புகளும்' (Commitments and Contingencies) என்ற குறிப்பில் பொடி எழுத்தில் கிடக்கும்.

ஏ.ஐ.யைச் சோதித்துப் பார்த்த நிறுவனங்களில் 95 சதவீதம் தோல்வி என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் சொல்கிறதாமே? (சேலம் வாசகர்)

2025 அறிக்கை அது. சில டஜன் நேர்காணல்கள், சிறிய கருத்துக் கணிப்பு ஆகியவற்றை வைத்து எழுதியது. குறுகிய காலத்தில் லாப நட்டக் கணக்கில் தெரியாததையெல்லாம் தோல்விப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நமக்குப் பிடித்த முடிவைச் சொல்கிறது என்பதற்காக அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம்.

வரி யுத்தம், அரசு முடக்கம் என்று அமெரிக்க அரசியல் இவ்வளவு கலங்கியும் சந்தை ஏறியது எப்படி? (மதுரை வாசகர்)

சிப்புகளுக்குத் தனிக் குடை பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் வரிகளை அறிவித்ததும் எஸ்&பி 500 பங்குக் குறியீடு இரண்டே நாளில் 10 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. 9ஆம் தேதி பல வரிகளை 90 நாள் நிறுத்தி வைத்தார். 11ஆம் தேதி கணினி, செல்பேசி, சிப் ஆகியவற்றுக்கு விலக்கு வந்தது. அந்த விலக்கு இல்லாவிட்டால் டேட்டா சென்டர் கட்டும் செலவு எகிறியிருக்கும்.

சலுகைக்கு விலையும் உண்டு. ஆகஸ்டில் இன்டெல்லின் சுமார் 10 சதவீதப் பங்கை அரசே எடுத்துக்கொண்டது. சீனாவுக்கு விற்கும் சில சிப்புகளின் வருமானத்தில் 15 சதவீதத்தை அரசுக்குத் தருவதாக என்விடியாவும் ஏஎம்டியும் ஒப்புக்கொண்டன. வெள்ளை மாளிகையின் மனநிலையைக் கணித்துப் பங்கு வாங்க வேண்டிய நிலை வந்தால், ஆண்டறிக்கை படித்துப் பயனில்லை.

புள்ளிவிவரத்தின் கதி இன்னும் மோசம். ஆகஸ்ட் 1 அன்று தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத் தலைவரை டிரம்ப் பதவி நீக்கினார். செலவு மசோதா நிறைவேறாமல் அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு முடங்கியதில், அந்த மாத வேலையின்மை விகிதம் வெளியாகவே இல்லை. டேட்டா சென்டர் செலவை எடுத்துவிட்டால் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டிய நேரத்தில் அளவுகோலே கையில் இல்லாமல் போனது.

அமெரிக்க வாக்காளர்களுக்கு இதில் என்ன கோபம்? (தஞ்சாவூர் வாசகர்)

கரண்ட் பில். 13 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் மின்சாரத்தைப் பகிரும் பிஜேஎம் அமைப்பு, உச்ச நேரத்தில் மின்நிலையங்கள் தயாராக இருப்பதற்காக ஏலம் நடத்துகிறது. 2024-25க்கு ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலராக இருந்தது, 2025-26க்கு 269.92 ஆனது, 2026-27க்கு 329.17. அதுவும் உச்சவரம்பு போட்டதால் அங்கே நின்றது. பழைய நிலையங்கள் மூடப்பட்டதும் புதியவற்றுக்கு இணைப்பு தாமதமானதும் சேர்ந்த விளைவு இது என்றாலும், டேட்டா சென்டர் தேவைதான் பெரிய காரணம் என்கிறார் அதன் சுயேச்சைக் கண்காணிப்பாளர்.

2025 நவம்பரில் ஜார்ஜியாவின் மின்கட்டண ஆணையத்தில் குடியரசுக் கட்சியிடமிருந்த இரண்டு இடங்களை ஜனநாயகக் கட்சி பிடித்தது. நியூ ஜெர்சியில் மிக்கி ஷெரில் மின்கட்டணத்தை முன்வைத்தே ஆளுநர் தேர்தலில் வென்றார். மாநிலங்களின் ஏ.ஐ. சட்டங்களுக்குத் தடை போடும் பிரிவை அதற்கு முன்பே ஜூலையில் செனட் 99க்கு 1 என்று தூக்கி எறிந்திருந்தது. இரு கட்சியும் இப்படி ஒத்துப்போவது அங்கே அபூர்வம்.

இந்த ஏ.ஐ. குமிழி எப்போது வெடிக்கும்? (ஈரோடு வாசகர்)

தேதி சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்க நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச்சில் உச்சம் தொட்டு 78 சதவீதம் விழுந்தது. குமிழி என்று 1998லேயே சொன்னவர்கள் அதற்குள் கேலிக்கு ஆளாகியிருந்தார்கள்.

நாஸ்டாக் 100 ஈடிஎஃப் (குறியீட்டைப் பின்பற்றும், பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) இங்கேயே வாங்கி வைத்திருக்கிறேன். விற்றுவிடலாமா? (திருச்சி வாசகர்)

விற்பதா என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. அதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். வெளிநாட்டு முதலீட்டுக்கு மியூச்சுவல் ஃபண்ட் துறை முழுவதற்கும் 700 கோடி டாலர், வெளிநாட்டு ஈடிஎஃப்களுக்குத் தனியாக 100 கோடி டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. வரம்பு நிரம்பியதும் புது யூனிட் உருவாக்க முடியாது. வாங்க ஆள் இருந்தால் இருக்கும் யூனிட்டின் விலை உண்மை மதிப்பைத் தாண்டி ஏறும். ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் ஐ-என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அந்த நேரத்து உண்மை மதிப்பு, சந்தை நேரத்தில் ஓடும். 100 ரூபாய் மதிப்புள்ளதை 112க்கு வாங்கினால், அமெரிக்கச் சந்தை அசையாமல் இருந்தாலும் அந்த 12 ரூபாய் ஒருநாள் காணாமல் போகலாம். மாதாமாதம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். விற்பவருக்கு அதே 12 ரூபாய் லாபம்.

இதைத் தவிர்க்க அமெரிக்கப் பங்கை நேரடியாக வாங்கலாம் என்பார்கள். அங்கே குடியிராத வெளிநாட்டவர் இறந்தால், 60,000 டாலருக்கு மேலான அமெரிக்கச் சொத்துக்கு 40 சதவீதம் வரை வாரிசு வரி உண்டு. இந்த வரியில் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. தொகை அந்த அளவை நெருங்கினால் முதலில் ஆடிட்டரைப் பாருங்கள்.