1972 எம்ஜி பி: மைலேஜும் கதவுப் பலகையும்

வணக்கம். உங்கள் எம்ஜி பி காரில் லிட்டருக்கு 7 கிலோமீட்டர்தான் வருகிறது, இரண்டு கதவிலும் டோர் பேட் (கதவின் உட்பக்கப் பலகை) அடிப்பக்கம் உப்பிவிட்டது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்களை மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட வேண்டாம். அந்த 1798 சிசி இன்ஜின் நல்ல நிலையில் 9, 10 கூடத் தரும்.

இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். அதன் பக்கத்தில் இருக்கும் வேக்யூம் அட்வான்ஸில் (இன்ஜின் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் டப்பா) சுத்தமான ரப்பர் குழாய் ஒன்றை மாட்டி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தட்டு லேசாகத் திரும்பும். குழாய் முனையை நாக்கால் அடைத்தால் அது அப்படியே நிற்க வேண்டும். பழைய இடத்துக்கே நழுவிப் போனால் டப்பாவுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்திருக்கிறது. ஒரே வேகத்தில் போகும்போது பெட்ரோலைத் தின்பது பெரும்பாலும் இதுதான். என் வண்டியிலும் இதே கதை.

அது சரியாக இருந்தால், சோக்கை (குளிரில் ஸ்டார்ட் செய்ய இழுக்கும் குமிழ்) உள்ளே தள்ளிய பிறகு இரண்டு எஸ்யூ கார்புரேட்டரிலும் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு குழல்) முழுதாக மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். ஒன்று தொங்கிக்கொண்டிருந்தாலும் போதும், கலவை கெட்டுவிடும்.

டோர் பேட் விஷயத்தில் புதிது வாங்குவதை ஒத்திப்போடுங்கள். அது வெறும் ஹார்ட்போர்ட். கண்ணாடி ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான், அடித்துளைகள் வழியாக வெளியேற வேண்டும். பலகையைக் கழற்றி அந்தத் துளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். பின்னால் பிளாஸ்டிக் தாள் இல்லையென்றால் கட்டாயம் ஒட்டுங்கள். நெம்பும்போது கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள், தள்ளி நெம்பினால் ஊறிய பலகை கிளிப் இருக்கும் இடத்தில் பிய்ந்துவிடும்.