மாத்திரையின் மேல்பூச்சு வெறும் கலரா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. மாத்திரையை முழுசாக விழுங்க மாட்டேன் என்கிறார். பான்டோபிரசோல் 40, நிஃபெடிபின் ரிடார்ட் 20, மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500, ஆஸ்பிரின் 75 எல்லாவற்றையும் நுணுக்கித் தேனில் குழைத்துத் தருகிறேன். மேல்பூச்சு கலருக்குத்தானே? டப்பாவில் போட்ட ஆஸ்பிரின் பிசுபிசுக்கிறது, தரலாமா?
- வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: நிஃபெடிபினை நுணுக்குவதை இன்றே நிறுத்துங்கள். ரிடார்ட் மாத்திரை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்தது. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் சேர்ந்து, பிரஷர் சட்டென்று இறங்கும். தலைசுற்றி விழலாம், நெஞ்சுவலியும் வரலாம். மெட்ஃபார்மின் எஸ்.ஆர். வகையும் இதேபோல் மெல்லக் கரைவதுதான், பொடிக்கக் கூடாது. வயிற்றுப்போக்கும் குமட்டலும் கூடும். (சர்க்கரைக்காரருக்குத் தேன் வேறு!)

இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் வேறு கதை. அந்த மருந்து அமிலத்தில் சிதைந்துவிடும். அதனால் அதன் பூச்சு இரைப்பையில் கரையாமல் தாங்கி, அமிலம் குறைந்த சிறுகுடலில், பி.எச். (அமில அளவு; எண் கூடினால் அமிலம் குறைவு) சுமார் 5.5-க்கு மேல் போனால்தான் கரையும். நுணுக்கினால் பெரும்பகுதி இரைப்பையிலேயே வீண். முழுதாக, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுங்கள். அமிலம் தணிக்கும் ஜெல் குடித்தால் 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் பூச்சு முன்னதாகவே கரையலாம். ஆஸ்பிரினில் இதே பூச்சு இருப்பது இரைப்பையைக் காக்க.

சாதாரணப் பூச்சு, மாத்திரை எடையில் 2 முதல் 4 சதவீதம்தான். கசப்பை மறைக்கும், ஈரத்தையும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும். இதைப் பொடித்தால் பெரும்பாலும் கசப்போடு போய்விடும். எது எந்த வகை என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அட்டையில் எஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல்., ரிடார்ட் (எல்லாம் மெல்லக் கரைபவை), கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட் (இரைப்பையில் கரையாதது) என்று இருந்தால் பொடிக்காதீர்கள். நடுவில் கோடு போட்ட சில எக்ஸ்.எல். மாத்திரைகளைப் பாதியாக உடைக்கலாம், மெல்லக் கூடாது. அதையும் மருந்தாளுநரிடம் கேட்டே செய்யுங்கள்.

பிசுபிசுத்த ஆஸ்பிரினை எறிந்துவிடுங்கள். முகர்ந்து பாருங்கள், வினிகர் வாடை வரும்: ஈரம் பட்ட ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிகிறது. கடற்கரை வீட்டில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், அட்டையைப் பிரித்து மொத்தமாக டப்பாவில் கொட்டினால் இப்படித்தான். அட்டையோடே வையுங்கள், அந்தந்த வேளைக்குப் பிரியுங்கள். அடுப்பங்கரை அலமாரியும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் மாத்திரைமேல் நீர் கோத்துக்கொள்ளும். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் போன்றவை ஈரத்தைச் சற்றும் தாங்காது.

விழுங்க: நேராக உட்கார வைத்து, முதலில் ஒரு மிடறு தண்ணீர். பிறகு நாக்கின் நடுவில் மாத்திரை, இன்னொரு வாய் தண்ணீர், தலையை அண்ணாக்காமல் விழுங்கட்டும். அரை மணி நேரம் படுக்க வேண்டாம். தண்ணீர் குடித்தாலே இருமல் வந்தாலோ, பக்கவாதம் வந்தவர் என்றாலோ, வீட்டில் முயற்சிக்காதீர்கள்; விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும்.

தண்ணீரில் கரையும் ஆஸ்பிரின், பான்டோபிரசோல் வகையிலேயே வாயில் கரையும் லான்சோபிரசோல், பொடிக்கக்கூடிய சாதாரண மெட்ஃபார்மின் எல்லாம் உண்டு. மாற்றும்போது அளவும் வேளையும் மாறும் என்பதால் நீங்களாக மாற்றாமல் மருத்துவரிடம் கேளுங்கள். இத்தனை நாள் பொடித்துத் தந்ததை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இப்போதைய அளவை அந்த பிரஷர், சர்க்கரைக் கணக்கைப் பார்த்துத்தான் வைத்திருப்பார். முழுதாகக் கொடுக்கத் தொடங்கியபின் ஒரு வாரத்தில் இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.