அப்பாருவும் தேங்காய் வெட்டும்

கேள்வி: எங்கள் ஊர் வெள்ளகோவில் பக்கம். நானும் கணவரும் திருப்பூரில் வேலை பார்க்கிறோம். 6 வயது மகனுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். தோட்டத்து விலங்குகள் தங்களுக்குள் பண்டமாற்று செய்துகொள்ளும் கதை. கோழி முட்டையைக் கொடுத்துப் பசுவிடம் பால் வாங்குகிறது. செம்மறி ஆடு கம்பளியைக் கொடுத்துக் குதிரையிடம் வேலை வாங்குகிறது. அதைப் படித்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் "என்ன குடுப்பீங்க?" என்கிறான். போன வாரம் அவனுடைய அப்பாரு, அதாவது என் மாமனார், கைத்தடியை எடுத்துவரச் சொன்னபோது, அவரிடமும் அப்படியே கேட்டுவிட்டான். (மாமனார் இப்போது எங்கள் முறையில் இருக்கிறார். மாசியில் வந்தார், ஆடி முடிந்ததும் கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விடுவார். தோப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது என்றாலும், அவர் யார் வீட்டில் இருக்கிறாரோ அந்த ஆறு மாதக் காய் வெட்டு அவர்களுக்கு.) இந்தப் புத்தகத்தை ஒளித்து வைத்துவிடலாமா? நல்ல குணத்தை வளர்க்கும் வேறு புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: அம்மணி, பிள்ளை எல்லாவற்றுக்கும் விலை கேட்கிறான் என்று எழுதும் பெற்றோர், பழியைப் போட ஒரு பொருளையும் கையோடு கொண்டுவருவது வழக்கம். சிலருக்குக் கைபேசி, சிலருக்குப் பள்ளிக்கூடம், உங்களுக்கு ஒரு படக்கதை. நானோ உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கிவைத்த வரிகளிலேயே நின்றுவிட்டேன்.

மாசியில் ஒரு பெரியவர் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வருகிறார். அவர் பின்னாலேயே 45 நாளைக்கு ஒருமுறை தேங்காய்ப் பணமும் வருகிறது. ஆடி கழிந்ததும் அவரும் போகிறார், பணமும் போகிறது. கடைசி வெட்டு ஆடிக்குள் விழுமா, ஆவணிக்குத் தள்ளிப்போகுமா என்று அண்ணனும் தம்பியும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் நான் நம்பமாட்டேன். கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையின் காதில் அந்தப் பேச்சு விழாது என்று எந்தத் தைரியத்தில் இருந்தீர்கள்?

உங்கள் புத்தகத்திலுள்ள கோழி தன்னுடைய முட்டையைக் கொடுக்கிறது, பசு தன்னுடைய பாலைக் கொடுக்கிறது. கிழட்டு எருதை ஆறு மாதம் நீ கட்டிக்கொள், ஆறு மாதம் நான் கட்டிக்கொள்கிறேன், தீவனச் செலவுக்கு அதன் பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று எந்த விலங்கும் அதில் பேரம் பேசவில்லை. அந்த அளவில் அது உங்கள் வீட்டைவிடக் கண்ணியமான தோட்டம். தோப்பு அவருடையது என்றால் காயும் அவருடையது. தன் காசில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு மகன்களின் வீட்டிலும் முறைக்காரராக அவர் உட்கார்ந்திருக்கிறார். கைத்தடிக்குக் கூலி கேட்ட பையன், பெரியவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டான், அவ்வளவுதான்.

சட்டம்கூட உங்களைப்போலக் கணக்குப் பார்க்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு குறித்த 2007ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையில்லாத முதியவரின் உறவினரைப் பற்றிப் பேசும்போதுதான் அவருடைய சொத்து இவர் கையில் இருக்கிறதா, பின்னால் இவருக்கு வந்து சேருமா என்று பார்க்கிறது. பெற்ற மகனிடமும் மகளிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. இது ஆண்கள் பேசி முடித்த ஏற்பாடு, மருமகள் நான் என்ன செய்வது என்று பதில் எழுதிவிடாதீர்கள். அந்தப் பணத்தில் வாங்கிய அரிசியை உலையில் போடுவது நீங்களும்தான்.

கொடுக்கல் வாங்கலைப் பிள்ளை கற்றுக்கொள்வதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நம்முடையது சந்தையால் வாழும் சீமை. பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் மாட்டுச் சந்தை கூடுகிறது. சித்திரையில் உங்களுக்குப் பக்கத்திலேயே கண்ணபுரத்தில் காங்கேயம் மாடுகள் வந்து குவிந்தபோது மாமனார் உங்கள் வீட்டில்தான் இருந்தார். துண்டுக்குள் விரலைப் பிடித்துத் தரகர் விலை பேசுவதைப் பேரனுக்குக் காட்ட அவரைவிடத் தகுந்த ஆள் யார்? அழைத்துப் போனீர்களா? வேலை நாள் என்பீர்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகையில் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். இதற்காவது விடுப்புப் போட்டு இருவரையும் அழைத்துப் போங்கள்.

புத்தகத்தை ஒளிக்க வேண்டாம், மாமனாரிடம் கொடுங்கள். செம்மறி கம்பளி கொடுக்கும் பக்கம் வந்ததும் அவர் சிரிப்பார், ஏனென்றால் நம் பக்கத்து மேச்சேரி ஆட்டின் மேலிருக்கும் குட்டை மயிரில் கம்பளி நெய்ய முடியாது. நம் செம்மறிகள் நிலத்துக்குக் கொடுப்பது எரு: அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்காரர் இரவில் பட்டி போட்டால், நிலத்துக்கு உரம், அவருக்குக் கூலி. ஆடு வாங்க வசதியில்லாதவர் இன்னொருவருடைய ஆட்டை வாரத்துக்குப் பிடித்து வளர்த்து, ஈனும் குட்டிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வதையும் அவர் சொல்லட்டும். கோழிக்குப் பால் வேண்டும், ஆனால் பசுவுக்கு முட்டை எதற்கு என்று பையனைக் கேட்கட்டும். பணம் எதற்காக வந்தது என்பது அந்த இடத்தில் அவனுக்குப் புரிந்துவிடும். வீட்டுக்குள் ஏன் அந்தக் கணக்கு இல்லை என்பதை மட்டும் அவர் வாயால் சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் நடந்து காட்டியாக வேண்டும்.

ஆகவே வேறு புத்தகத்தின் பெயர் எதுவும் நான் சொல்லப்போவதில்லை. கணவரையும் கொழுந்தனாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள். அடுத்த வெட்டிலிருந்து தேங்காய்ப் பணம் முழுவதும் மாமனாரின் வங்கிக் கணக்கில் விழட்டும். அவர் யாருக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது அவர் விருப்பம். ஆவணி பிறந்தால் எங்கே இருக்கப் பிரியப்படுகிறார் என்று அவரிடமே கேளுங்கள். இத்தனை முறை மாறியும் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்கும்போது பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.