மனச்சிதைவு: முகத்தைப் படிப்பதில் மூளை எங்கே தடுமாறுகிறது? சிங்கப்பூர் வாசகர்களின் கேள்வி பதில்

யீஷூன் அம்மா: மகனுக்கு மனச்சிதைவு (schizophrenia), 22 வயது. பாட்டி இறந்தபோதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாசமே போய்விட்டதா?

போகவில்லைம்மா. ஆய்வுகளில் மனச்சிதைவு உள்ளவர்களிடம் படம் காட்டிக் கேட்டால், மற்றவர்கள் அளவுக்கே மகிழ்ச்சியும் துயரமும் உணர்வதாகச் சொல்கிறார்கள். முகத்தசைதான் குறைவாக அசைகிறது. 'போனால் நன்றாயிருக்கும்' என்கிற முன்னாசையும் குறைகிறது. அதனால் "வெளியே போகலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்பார். சட்டையை எடுத்துக் கொடுத்து, கூடவே கிளம்புங்கள். மருந்தாலும் முகம் இறுகும். கைநடுக்கமோ, கை வீசாத நடையோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

தெம்பனிஸ் தங்கை: எம்ஆர்டி ரயிலில் எல்லாரும் முறைக்கிறார்கள் என்கிறான் அண்ணன். ஏன் அக்கா?

முகத்தில் ஆபத்து தெரிகிறதா என்று கவனிப்பதில் மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதிக்குப் பெரிய பங்கு. ஸ்கேன் ஆய்வுகளில், பயந்த முகத்துக்கும் சாதாரண முகத்துக்கும் அதன் எழுச்சியில் உள்ள வித்தியாசம் இவர்களிடம் சிறியதாக வந்தது. முதலில் 'அமிக்டலா மந்தம்' என்றார்கள். பிறகு பார்த்தால், சாதாரண முகத்துக்கே அது கூடுதலாக எழும்புகிறது. கைப்பேசியில் மூழ்கிய களைத்த முகமும் மிரட்டலாகப் படுகிறது. 2003இல் மனநல மருத்துவர் ஷிதிஜ் கபூர் சொன்ன விளக்கமும் இங்கே பொருந்தும்: மூளையில் டோபமின் என்ற ரசாயனம் மிகும்போது அற்பமான விஷயத்துக்கும் 'முக்கியம்' என்ற முத்திரை விழுகிறது. போதாததற்கு, இவர்கள் பார்வை கண், வாய்ப் பகுதிகளில் குறைவாகவே நிற்கிறது. உணர்ச்சியைக் காட்டும் குறிப்பு அங்கேதான் இருக்கிறது.

"யாரும் பார்க்கவில்லை" என்று வாதாடாதே தங்கச்சி. "பயமா இருந்திருக்கும்" என்று முதலில் சொல். அமைதியான நேரத்தில், அந்தப் பார்வைக்கு வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று இருவரும் இரண்டு மூன்று யோசியுங்கள்.

பிடோக்: ஒரே உடலில் இரண்டு ஆள், அதுதானே இது?

இல்லை. அது வேறு நோய்.

செங்காங்: மாத்திரையால் முகம் படிக்கும் திறன் திரும்புமா?

இல்லாத குரல்கள் கேட்பதும் சந்தேகமும் தணியும். முகம் படிப்பது அதனால் கொஞ்சம்தான் தேறும். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு: குழுவாக வாரம் ஒருமுறை, சுமார் 20 அமர்வுகள். முதலில் உணர்ச்சிக்குப் பெயர் சொல்வது, அடுத்து ஊகத்தையும் உண்மையையும் பிரிப்பது, கடைசியில் சொந்த அனுபவத்தில் பொருத்திப் பார்ப்பது. வீட்டில் பழகாவிட்டால் அந்த அறையோடு நின்றுவிடும். மாத்திரையும் தொடர வேண்டும்.

ஜூரோங் மாமா: எல்லாம் செல்லம். இரண்டு அதட்டு போட்டால் முகம் பார்த்துப் பேசுவான்.

செங்காங்: அதட்டித்தான் எங்கள் வீட்டில் மறுபடி வார்டுக்குப் போனது மாமா.

ஜூரோங் மாமா: அப்போது பெற்றவர்கள் வாயே திறக்கக்கூடாதா?

திறக்கலாம் மாமா. குடும்பம் இந்த நோயை உண்டாக்குவதில்லை. ஆனால் ஓயாத குறைகூறல் உள்ள வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று 1976இல் வான், லெஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் லண்டனில் காட்டினார்கள். வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் இன்னும் அதிகம். அதட்டும்போது, குரலில் உள்ள அக்கறை அவருக்குக் கேட்காது, மிரட்டல் மட்டும் கேட்கும். "ரொம்ப நல்லாத்தான் இருக்கு!" என்ற குத்தலும் பெரும்பாலும் புரியாது. "பத்து மணிக்கு மேல் பாட்டுச் சத்தத்தைக் குறை, எனக்குத் தூக்கம் வரவில்லை." இப்படி ஒரு வேண்டுகோள், அதன் காரணம், சாதாரணக் குரல்.

உட்லண்ட்ஸ்: இப்போது நன்றாக இருக்கிறார். மாத்திரையை நிறுத்தலாமா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். கூடாது. குறைப்பதென்றாலும் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

புக்கிட் பாத்தோக்: நள்ளிரவில் நிலைமை மோசமானால்?

சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் (IMH) 24 மணி நேர எண் 6389 2222. உயிருக்கு ஆபத்தென்றால் ஆம்புலன்ஸுக்கு 995.