சொல்லும் சான்றும்: வாசகர் கேள்வி – பதில்

ஆங்கிலச் சொற்களில் பாதி தமிழிலிருந்து போனவை என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்துகொண்டே இருக்கிறது. ‘ஒன்’ என்றால் ஒன்று, ‘கேஷ்’ என்றால் காசு... எதை நம்புவது?
– வாசகி, மடிப்பாக்கம்

ஒலி ஒற்றுமையைக் கடைசியில் பாருங்கள். அந்தச் சொல் ஆங்கிலத்தில் எப்போது எழுத்தில் வந்தது, யார் கைமாறிப் போனது என்பதே முதல் விசாரணை. ‘ஒன்’ அங்கேயே விழுந்துவிடும். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. லத்தீன் ‘ஊனுஸ்’, ஜெர்மன் ‘ஐன்ஸ்’ எல்லாம் அதன் பங்காளிகள். போர்த்துகீசியக் கப்பல்கள் நம் கரையைத் தொடும் முன்பே அங்கே புழங்கிய சொல் அது.

‘கட்டமரான்’ நிற்கும். 1697-இல் அச்சான, ஆங்கிலக் கடலோடி டாம்பியரின் பயண நூலே சோழமண்டலக் கரையில் அதற்கு அந்தப் பெயர் என்று சொல்லிவிடுகிறது.

‘கேஷ்’ விவகாரம் கொஞ்சம் சுவையானது. ஆங்கிலத்தில் அது ஒன்றல்ல, இரண்டு சொற்கள். ரொக்கம் என்ற பொருளில் வருவது பிரெஞ்சு ‘கேஸ்’, இத்தாலிய ‘காஸ்ஸா’ வழி வந்தது. பணப்பெட்டி என்று பொருள். ஆசியச் சில்லறை நாணயத்தைக் குறித்த ‘கேஷ்’தான் நம் காசு; போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. கம்பெனி காலச் சென்னப்பட்டணத்தில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொற்காசு. அந்தக் கணக்கில் வரும் ‘கேஷ்’ தமிழ். இன்று கடையில் ‘கேஷா, கார்டா’ என்று கேட்கிறார்களே, அது தமிழல்ல. பட்டியல் போடுபவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

சரிபார்க்க இரண்டு நூல்கள் போதும். ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ஹாப்ஸன்-ஜாப்ஸன் (1886) ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டு போட்டு மேற்கோள் தரும். அதன் மேற்கோள்களை நம்பலாம். வேர் பற்றிய ஊகங்களில் சில பழசாகிவிட்டன. நம் பக்கத்துக்கு பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. 1984-இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். இரண்டும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அதே தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் தேடினால் பாதிச் சொற்கள் அகப்படுவதில்லையே?
– வாசகர், பெரம்பூர்

‘ஓடினான்’ என்று தேடியிருப்பீர்கள். வினைக்குப் பகுதியை மட்டும் கொடுங்கள்: ஓடு, படி, செய். லெக்சிகன் அதை ‘-தல்’, ‘-த்தல்’ ஒட்டோடு தலைச்சொல்லாக வைத்திருக்கிறது. ‘ஜன்னல்’ போன்றவை ஜகரத்தில் இல்லாவிட்டால் சகரத்தில் பாருங்கள். ரோமன் எழுத்தில் தேடுவதானால் ழ, ள, ற, ன நான்குக்கும் அடிக்கோடோ அடிப்புள்ளியோ வேண்டும். அதில் தடுமாறாமல் தமிழிலேயே தட்டச்சு செய்வது மேல்.

கிடைத்த பிறகும் ஒரு பொறி உண்டு. அடைப்புக்குறிக்குள் ஆங்கில ‘டி’ எழுத்து மட்டும் இருந்தால் அது தெலுங்கு, தமிழ் அல்ல. ‘கே’ கன்னடம், ‘எம்’ மலையாளம். இவை இனச்சொற்களை, அதாவது ஒரே வேரிலிருந்து பிறந்த உறவுச் சொற்களைக் காட்டுபவை. அந்த மொழியிலிருந்து கடன் வாங்கியதாகப் பொருள் கொள்ளக்கூடாது. இந்தக் குழப்பத்தில் நல்ல தமிழ்ச் சொற்களைத் தெலுங்கு என்று தள்ளி எழுதியவர்கள் உண்டு.

லெக்சிகன் 1936-இல் ஆறு தொகுதிகளோடு முடிந்து, 1939-இல் அனுபந்தம் கண்டது. அதற்குப் பிந்திய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் துணை.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?
– வாசகர், தாம்பரம்

இரண்டும் வழக்கில் உண்டு. ‘கள்’ வெறும் விகுதி என்பதால் ஒற்றில்லாமல் எழுதுவதே என் தேர்வு. ஆனால் இதைப் பார்த்துப் ‘பூகள்’, ‘பசுகள்’ என்று எழுதத் தொடங்கிவிடாதீர்கள். அங்கே பூக்கள், பசுக்கள்தான்.

2000 வாக்கில் சேமித்து வைத்த மொழிக் கட்டுரைகளைத் திறந்தால் கிறுக்கல் எழுத்தாகத் தெரிகிறது. மீட்க வழி உண்டா?
– வாசகி, அம்பத்தூர்

உண்டு. அவை யூனிகோடுக்கு முந்தைய குறியேற்றங்களில், அதாவது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பழைய முறைகளில் இருக்கின்றன. எதுவென்று முதலில் கண்டுபிடியுங்கள். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் பாமினி. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த விசைதான். தலையில் கோடும் புள்ளியும் சுமந்த ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால் திஸ்கி, டாப், டாம் மூன்றில் ஒன்று. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றி மென்பொருளில் ஒரு பத்தியை மட்டும் ஒட்டி, மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சரியானது உடனே வாசிக்க வரும். பிறகு முழுக் கோப்பையும் மாற்றலாம்.

பாமினிக் கோப்பில் கவனம் தேவை. நிஜமான ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து தமிழாகிக் குழம்பிவிடும். அவற்றை முன்கூட்டியே வெட்டித் தனியே வைத்துவிட்டு மாற்றுங்கள். மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.