நிச்சயம் முடிந்துவிட்டது: பழைய சிகிச்சையைப் பற்றி அவரிடம் சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. திருச்சியில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். நான்கு வருடங்களுக்கு முன் மனச்சோர்வு வந்து, மனநல மருத்துவரிடம் போய் ஒரு வருடத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டேன். அவர் சொல்லித்தான் படிப்படியாக நிறுத்தினேன். இப்போது நன்றாக இருக்கிறேன். போன மாதம் நிச்சயதார்த்தம் முடிந்தது, தை மாதம் கல்யாணம். தினமும் இரவு மாப்பிள்ளை போன் செய்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். ஆனால் பேச்சு அந்த வருடத்துக்குப் பக்கத்தில் வந்தாலே எனக்கு வாய் அடைத்துப்போகிறது. "ஏன் திடீர்னு சைலண்ட் ஆயிட்டீங்க?" என்று கேட்கிறார். அம்மாவும் தரகரும் மூச்சு விடக்கூடாது என்கிறார்கள். சொல்லலாமா? சொன்னால் எவ்வளவு சொல்வது?

பதில்: சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன்பே, அவரிடம், நீங்களே, நேரில் சொல்லுங்கள். அம்மா வழியாகவோ, அத்தை வழியாகவோ, தரகர் வழியாகவோ வேண்டாம். எவ்வளவு என்பதற்கும் பதில் உண்டு: நீங்கள் நினைத்துப் பயப்படுவதைவிட மிகக் கொஞ்சம்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வாய் அடைப்பு. மனச்சோர்வு வந்து போய் நான்கு வருடம் ஆகிறது. ஆனால் 'நான் குறையுள்ள பெண்' என்று அப்போது உங்களைப் பற்றி எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு மட்டும் அழியாமல் இருக்கிறது. போனில் பேசுவது அந்தக் குறிப்புதான். அவர் சாதாரணமாக "நாலு வருஷம் முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்கிறார். உங்கள் காதில் அது விசாரணையாக விழுகிறது. அவர் "ம்" என்று இழுத்தால், கண்டுபிடித்துவிட்டார் என்று தோன்றுகிறது. நாம் நம்மை யாராக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ, எதிரில் இருப்பவர் பேச்சையும் அதற்குத் தகுந்தபடிதான் கேட்கிறோம். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஸ்வான் 1980-களிலிருந்து இதைத்தான் ஆராய்ந்தார். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள், தங்களைப் பாராட்டுபவர்களைவிடத் தங்கள் தாழ்வான எண்ணத்தை ஆமோதிப்பவர்களையே அதிகம் நம்புகிறார்கள் என்பது அவர் கண்டது. உங்கள் மாப்பிள்ளை உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்லும்போது, 'இவருக்கு விஷயம் தெரியாது, அதனால் சொல்கிறார்' என்று உள்ளே தோன்றுகிறதா? பெரும்பாலும் தோன்றும். மறைத்து வைத்தால் அவருடைய அன்பில் ஒரு சொட்டுகூட உங்களுக்கு வந்து சேராது. சொல்லச் சொல்வதற்கு என் முதல் காரணம் இதுதான். சட்டம் எல்லாம் அப்புறம்.

இன்னொரு சிக்கல் நம் ஏற்பாட்டுக் கல்யாணங்களுக்கே உரியது. இர்வின் ஆல்ட்மன், டால்மஸ் டெய்லர் என்ற இருவர் 1973-இல் விளக்கிய கணக்குப்படி, இரண்டு பேர் நெருங்கும்போது முதலில் மேலோட்டமான விஷயங்கள் வெளிவரும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்விஷயங்கள் வரும். ஒருவர் திறந்தால் மற்றவரும் அதே அளவுக்குத் திறப்பார். நம் வீடுகளில் வரிசை தலைகீழ். வாழ்நாள் முழுக்கச் சேர்ந்திருப்பது என்ற முடிவு முதலில் வருகிறது, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, அதற்கப்புறம்தான் இரவு போனில் "உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?" ஆரம்பிக்கிறது. இந்த அவசரத்தில் ஆழமான விஷயத்துக்கு இயல்பாக ஒரு நாள் தானாக வராது. நீங்கள்தான் அதற்கு ஒரு நாள் வைக்க வேண்டும். வரும், வரும் என்று காத்திருந்தவர்கள் பலர் தாலி கட்டின பிறகும் காத்திருக்கிறார்கள்.

சரி, எப்படிச் சொல்வது? ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அழுதுகொண்டே, "என்னை மன்னிச்சிடுங்க, உங்களை ஏமாத்திட்டேன்" என்று ஆரம்பிப்பது ஒன்று. கேட்பவருக்கு விஷயம் தெரியும் முன்பே குற்றம் தெரிந்துவிடுகிறது. ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று அவர் மனம் தயாராகிவிடும். இரண்டாவது, "எனக்குக் கொஞ்சம் டென்ஷன் வரும், அவ்வளவுதான்" என்று விளையாட்டாகத் தூவிவிட்டுப் போவது. பிறகு உண்மை தெரியும்போது, 'சொன்னேனே' என்று வாதாடலாம், ஆனால் அவர் கேள்விப்படவில்லை. மூன்றாவதுதான் வேண்டும். ஏறத்தாழ இப்படி:

"கல்யாணத்துக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு விஷயம் தெரியணும்னு நினைக்கிறேன். நாலு வருஷம் முன்னாடி எனக்கு டிப்ரஷன் வந்துச்சு. தூக்கம் இல்ல, வேலைக்குப் போக முடியல. டாக்டரைப் பார்த்தேன், ஒரு வருஷத்துக்கு மேல மாத்திரை சாப்பிட்டேன். அவர் சொல்லித்தான் நிறுத்தினேன். இப்ப நல்லா இருக்கேன். திரும்ப வர வாய்ப்பு இருக்கு. வந்தா எனக்கு அறிகுறி தெரியும், உடனே டாக்டர்கிட்ட போவேன். நீங்க எது கேட்டாலும் சொல்றேன்."

அவ்வளவுதான். இதில் மன்னிப்பு இல்லை, கண்ணீர் இல்லை, 'இனிமேல் வரவே வராது' என்ற வாக்குறுதியும் இல்லை. அந்த வாக்குறுதியை எந்த மருத்துவரும் கொடுக்க மாட்டார், நீங்களும் கொடுக்காதீர்கள். எதனால் வந்தது, அப்போது மனதில் என்னென்ன எண்ணங்கள் ஓடின, வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் முதல் நாளே தேவையில்லை. அவற்றில் வேறு ஆட்களின் கதையும் கலந்திருக்கும். அதைச் சொல்லும் உரிமை உங்களுக்கு மட்டும் இல்லை.

பகல் நேரத்தில், இருவரும் உட்கார்ந்து பேசக்கூடிய இடத்தில் சொல்லுங்கள். இரவு பதினோரு மணி போனில் வேண்டாம். முகம் தெரியாத மௌனத்துக்கு உங்கள் மனம் மிக மோசமான அர்த்தத்தையே கொடுக்கும். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பவே அனுப்பாதீர்கள். அடுத்த நிமிடம் அது யார் போனில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சொன்னவுடன் பதில் கேட்டு நெருக்காதீர்கள். "யோசிச்சுட்டுச் சொல்லுங்க" என்று இரண்டு மூன்று நாள் விடுங்கள். நீங்கள் நான்கு வருடம் வாழ்ந்து பழகின விஷயம் இது, அவர் அப்போதுதான் கேட்கிறார். அப்புறம், அவரைப் பற்றியும் கேளுங்கள். அவருடைய உடம்பு, கடன், குடிப்பழக்கம், வேலையில் பட்ட அடி எல்லாம் உங்களுக்கும் தெரிய வேண்டியவைதான். பெண் மட்டும் பரீட்சை எழுதுகிற ஏற்பாடாக இது ஆகக்கூடாது.

இனி தரகர். 'ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்' என்பார் உங்கள் அம்மா. அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. பெண்ணின் வாழ்க்கை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம் அது, அதில் கெட்ட எண்ணம் இல்லை. தரகரின் அறிவுரை அப்படியல்ல. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறவர், கல்யாண நாளோடு அவர் வேலை முடிந்தது. ஆறு மாதம் கழித்து வீட்டில் புயல் அடிக்கும்போது அவர் போனை எடுக்க மாட்டார். இன்னும் மோசம், உங்களிடம் 'மூச்சு விடாதே' என்று சொன்ன அதே வாய், அந்தப் பக்கம் ஜாடையாக எதையாவது சொல்லிக் கூடுதல் பணம் பார்க்கத் தயங்காது. அவருக்கு விஷயம் தெரியும் என்பதே நீங்கள் சீக்கிரம் சொல்வதற்குப் போதுமான காரணம்.

இப்போது சென்னை, கோவை போன்ற ஊர்களில் கல்யாணத்துக்கு முன் துப்பறிந்து தருகிறோம் என்று நிறுவனங்கள் இருக்கின்றன. பக்கத்து வீடு, மருந்துக்கடை, பழைய அலுவலகம் என்று விசாரிப்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை 23-ஆம் பிரிவில் தருகிறது. மருத்துவமனை அதை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது. ஆனால் மருந்துக்கடைப் பையனின் வாயை எந்தச் சட்டப்பிரிவும் அடைக்காது. விஷயம் வேறு வழியில் போய்ச் சேர்ந்தால், அவர் கேட்கும் முதல் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்காது. 'ஏன் என்னிடம் மறைத்தாய்?' என்பதாகத்தான் இருக்கும்.

'கல்யாணத்துக்கு முன் கவுன்சலிங்' என்று பேக்கேஜ் போட்டு விற்கிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். நாலு வாரம் ஆன்லைனில் படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். மற்ற உளவியலாளர்களையும் ஒழுங்குபடுத்த 2021-இல் சட்டம் வந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குள் இன்னும் எத்தனை பேர் ஏமாற வேண்டுமோ தெரியவில்லை. இரண்டு குடும்பத்தையும் ஒரே அறையில் உட்காரவைத்து, உங்கள் கதையைத் தன் வாயால் சொல்லும் 'ஆலோசகர்' யாராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள். அவர் செய்வது ஆலோசனை அல்ல, பஞ்சாயத்து.

சட்டப்படி என்ன ஆகும் என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். இந்து திருமணச் சட்டம் 1955-இன் 12-ஆம் பிரிவு, முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்து ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. ஏமாற்றம் தெரியவந்த ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ஒருமுறை வந்து குணமான மனச்சோர்வு, திருமணத்துக்கே தகுதியில்லை என்று அந்தச் சட்டம் சொல்லும் நோய்களில் வராது. மனச்சிதைவு போன்ற பெரிய நோயில்கூட, நோயின் பெயர் மட்டும் விவாகரத்துக்குப் போதாது, அது எந்த அளவுக்கு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் குடும்ப நீதிமன்றங்களில் ஒரு தூக்க மாத்திரைச் சீட்டைக் கொண்டுவந்து 'பைத்தியம்' என்று மனுவில் எழுதுவது நிற்கவில்லை. வருடக்கணக்கில் அந்தப் பெண் அலைகிறாள். கடைசியில் ஜெயித்தாலும் அந்த வருடங்கள் திரும்பி வருவதில்லை. முன்பே சொல்லிவிட்டால் 'மறைத்தாள்' என்ற வார்த்தைக்கே இடமில்லை.

ஒரே ஒரு நிலைமையில் என் பதில் இன்னும் கண்டிப்பாக இருக்கும். உங்களுக்கு அது பொருந்தாவிட்டாலும் இதைப் படிக்கும் பலருக்குப் பொருந்தும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். இப்போதும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியே கிடையாது. சொல்லித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். கால்சியம் மாத்திரை டப்பாவுக்குள் போட்டு எடுத்துப்போகிறார்கள். புகுந்த வீட்டில் குளியலறைக்குள் ஒளிந்து விழுங்குகிறார்கள். விருந்து, மறுவீடு என்று அலையும் நாட்களில் நாலு வேளை தவறுகிறது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு, தூக்கமின்மை வரலாம், நோயே திரும்பவும் வரலாம். கல்யாணக் களைப்பும் புது இடமும் சேர்ந்த அந்த நேரம்தான் அதற்கு மிக மோசமான நேரம். இதில் குழந்தை பற்றிய கணக்கும் இருக்கிறது. மனநிலை ஏற்றத்தாழ்வுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவில் உள்ள குழந்தைக்குப் பிறவிக் குறைகளை உண்டாக்கக்கூடியது. அதைச் சாப்பிடும் பெண், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்று மருந்துக்குப் போக வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. இதைக் கணவருக்குத் தெரியாமல் எப்படிச் செய்வது? முடியாது. அதனால் மருந்து தொடர்கிறவர்கள், தேதி குறிப்பதற்கு முன்பே, முடிந்தால் தங்கள் மருத்துவரிடம் அவரையும் அழைத்துப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் எங்கே என்றால், உங்களுக்குச் சிகிச்சை கொடுத்து முடித்த நாளில், 'நாளைக்கு இதை யாரிடம் எப்படிச் சொல்வது' என்று பத்து நிமிடம் யாரும் உங்களோடு உட்கார்ந்து பேசவில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வரிசை வெளியே நிற்கிறது, மருத்துவருக்கு நேரமில்லை. தனியாரில் மணிக்கணக்குக்குப் பணம். சர்க்கரை நோயாளிக்குச் சாப்பாட்டு அட்டவணை அச்சடித்துக் கொடுக்கிறோம். உங்களைப் போன்றவர்களுக்குப் பேச வேண்டிய நான்கு வாக்கியங்களைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்த இடத்தில்தான் தரகர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். சொல்வதற்கு முன் ஒருமுறை யாரிடமாவது சொல்லிப் பழக வேண்டும் என்று தோன்றினால், உங்கள் பழைய மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழையுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.

அவர் கேட்டுவிட்டு "அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்றால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. "இது நமக்குள்ள இருக்கட்டும், தேவைப்பட்டா ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லலாம்" என்று முதலிலேயே பேசி வையுங்கள். கேட்டதும் கூடுதல் நகை பேசினாலோ, அதையே வைத்துக் குத்திக்காட்டத் தொடங்கினாலோ, உங்களுக்கு வேண்டிய பதில் நல்லவேளையாகக் கல்யாணத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மண்டப அட்வான்ஸ் போனால் போகட்டும்.

பழைய மருந்துச் சீட்டுகளையும் மருத்துவக் கோப்பையும் 'கண்ணில் படக்கூடாது' என்று அம்மா கிழித்துப்போடச் சொல்லுவார். கிழிக்காதீர்கள். முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் அது திரும்ப வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். கர்ப்பம் என்று தெரிந்த முதல் பரிசோதனையிலேயே மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும். பிரசவமான முதல் சில வாரங்களில் உங்கள் தூக்கத்தையும் அழுகையையும் கவனித்து, 'டாக்டர்கிட்ட போலாமா?' என்று கேட்க வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் அவராகத்தான் இருக்க முடியும்.