நிர்வாகி ஆக்கியும் சர்வீஸ் ஓட மறுப்பது ஏன்?

கேள்வி: விண்டோஸ் சர்வரில் ஒரு தரவுத்தள மென்பொருளை நிறுவி, அதை ஓட்ட தனிப் பயனர் கணக்கு ஒன்று உருவாக்கினேன். கணக்கை ஒரு ஸ்கிரிப்ட் மூலம் அந்த மென்பொருளின் சர்வீஸில் (பின்னணியில் ஓடும் நிரல்) பொருத்தினேன். தொடங்கினால் 1069 என்ற பிழை வருகிறது. கடவுச்சொல் சரிதான். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் சேர்த்தும் பலனில்லை. என்ன உரிமைதான் கொடுக்க வேண்டும்?

பதில்: முதலில் அந்தக் கணக்கை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். அதனால் இந்தப் பிழை தீராது. மென்பொருளில் ஏதாவது ஓட்டை இருந்தால், அதன் வழியாக வருபவர் கையில் சர்வர் முழுவதும் போய்விடும்.

1069 என்பது உள்நுழைவுத் தோல்வி. விண்டோஸ் உள்நுழைவை வகை பிரித்துப் பார்க்கிறது: திரை முன் உட்கார்ந்து நுழைவது, நெட்வொர்க் வழியாக நுழைவது, சர்வீஸாக நுழைவது. ஒவ்வொன்றுக்கும் தனி உரிமை. உங்களுக்கு வேண்டியது 'லாக் ஆன் ஆஸ் எ சர்வீஸ்'. நிர்வாகிக்கும்கூட அது தானாக வந்துவிடாது.

சர்வீசஸ் சாளரத்தில், அந்த சர்வீஸின் 'லாக் ஆன்' பகுதியில் கணக்கையும் கடவுச்சொல்லையும் இட்டால் விண்டோஸே அந்த உரிமையைக் கொடுத்துவிடும். ஸ்கிரிப்டில் மாற்றும்போது பெரும்பாலும் இது நடக்காது. உங்கள் சிக்கல் இதுவாகத்தான் இருக்கும். நீங்களே கொடுக்க நினைத்தால், லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் 'யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட்' பட்டியலுக்குப் போய் அந்த உரிமையில் கணக்கைச் சேருங்கள். அதே பட்டியலில் 'டினை லாக் ஆன் ஆஸ் எ சர்வீஸ்' என்று ஒன்று இருக்கும். அதில் கணக்கோ அது சேர்ந்த குழுவோ இருந்தால், மறுப்புதான் ஜெயிக்கும்.

சர்வர் டொமைனில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைக்கப்பட்ட கணினிகளின் தொகுப்பு) இருந்தால் இன்னொரு தொல்லை. டொமைன் முழுவதற்கும் மையமாக அமைப்புகளை விதிக்கும் குரூப் பாலிசியில் இந்த உரிமை வரையறுக்கப்பட்டிருந்தால், நீங்கள் சேர்த்ததை அது பின்னர் ஒரு புதுப்பிப்பில் அழித்துவிடும். பாலிசி மாறியிருந்தால் வழக்கமாக 90 நிமிடங்களும் அதற்கு மேல் 30 நிமிடங்கள் வரையும் ஆகலாம்; மாறாவிட்டாலும் பாதுகாப்பு அமைப்புகள் சுமார் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் விதிக்கப்படும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் நிற்காது, அதனால் யாருக்கும் தெரியாது. என்றைக்கோ சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போது மறுபடி 1069! 'நேற்று வரை ஓடியதே' என்ற புலம்பல்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். பட்டியலில் பயனரைச் சேர்க்கும் பட்டன் மங்கலாக இருந்தால் டொமைன் நிர்வாகியிடம் கேட்டு, குரூப் பாலிசியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், 1069 போய் 'ஆக்சஸ் டினைடு' என்று பிழை எண் 5 வந்தால் பயப்படாதீர்கள். அது கோப்புறை அனுமதி. நிரல் இருக்கும் இடத்துக்குப் படிக்கவும் இயக்கவும் அனுமதி போதும். தரவு, லாக் கோப்புறைகளுக்கு மட்டும் 'மாடிஃபை' கொடுங்கள். 'ஃபுல் கன்ட்ரோல்' வேண்டியதில்லை.

உண்மையில், ஒரே சர்வருக்குள் ஓடும் மென்பொருள் என்றால் நான் தனிக் கணக்கே உருவாக்க மாட்டேன். சர்வர் 2008 ஆர்2 முதல், கடவுச்சொல்லை விண்டோஸே பார்த்துக்கொள்ளும் மெய்நிகர் கணக்கு வசதி உண்டு. கணக்கின் இடத்தில் 'என்டி சர்வீஸ்' (NT SERVICE), ஒரு பின்சாய்கோடு, சர்வீஸின் பெயர் என்று கொடுத்து, கடவுச்சொல்லை வெறுமையாக விடுங்கள். கோப்புறை அனுமதியை அந்தப் பெயருக்கே கொடுக்கலாம். கடவுச்சொல் காலாவதியாகிவிட்டதே என்று நடுராத்திரியில் எழுந்திருக்க வேண்டியதும் இல்லை.